நாற்பத்து மூன்றாவது கிண்ணம்

எங்கள் பாலர் பள்ளிக்குப் பெயர் இல்லை, எண்தான்.
உலான்பத்தாரின் வடக்குக் குன்றில்,
கம்பளிக் கூடாரங்கள் கக்கும் கரிப்புகைக்குள்,
சூரியன் பத்து மணிக்கு மேல்தான் வந்து சேரும்.
நான் அங்கே சமையல்காரி.
எனக்குத் தெரிந்த அரசாங்கம் முழுவதும்
ஒரு காகிதத்தில் அடங்கும்:
தலைக்கு, நாளுக்கு, இவ்வளவு.
தலைகள் நாற்பத்திரண்டு.

இவ்வளவு என்பது
பாதி ரொட்டியும் ஆட்டெலும்பின் வாசனையும்.
மிச்சத்தை உருளைக்கிழங்கில் சரிக்கட்டுகிறேன்.
பொடியாக நறுக்கினால்
நிறைய இருப்பதுபோலத் தெரியும்.
பட்ஜெட் போடுகிறவர்களுக்கும்
இது தெரிந்திருக்கிறது.

ஆகஸ்டில் குலுக்கல்.
பிள்ளைகள் நூற்றுப் பதினாறு.
கணினி யார் பெயரைச் சொல்கிறதோ
அவர்களுக்கு வண்ணப் பென்சில், எழுத்து,
கைகழுவ வெந்நீர்.
மற்றவர்களுக்கு
அடுத்த ஆகஸ்ட்.

சுவ்த்தின் பெயர் வரவில்லை.
சுவ்த் என்றால் முத்து.
அவள் அம்மா ஹோர்லோ கரிமூட்டை தைக்கிறவள்.
விடியுமுன் கிளம்பும்போது
மகளின் இடுப்பில் துணிப்பட்டை சுற்றி
கட்டில் காலில் முடிச்சுப் போடுவாள்:
அடுப்பு எட்டாத நீளம்,
தண்ணீர்க் குவளை எட்டுகிற நீளம்.
அளந்து கட்டியது.
அன்பில்லாதவள் அளக்கமாட்டாள்.

நவம்பரில், கரி வாங்கப் போனவள்
அந்த முடிச்சைப் பார்த்தேன்.
அவிழ்த்தேன்.
நான் செய்தது அவ்வளவுதான்.
மறுநாளிலிருந்து கிண்ணங்கள் நாற்பத்து மூன்று.

ஆசிரியை டெல்கெர்மா எதுவும் கேட்கவில்லை.
பதிவேட்டில் பெயரும் எழுதவில்லை.
எண்ணெய் டின்னைக் கவிழ்த்து
மேலே ஒரு கம்பளித் துண்டு போட்டு
"உட்கார்" என்றாள்.
ஜனவரிக்குள் சுவ்த் பத்துவரை எண்ணினாள்.
ஆறுக்குப் பிறகு எட்டு.
எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும்
ஏழை விட்டுவிடுவாள்.

பிப்ரவரியில் தணிக்கை.
லுவ்சந்தோர்ஜ் கெட்ட மனிதர் இல்லை;
வாசலிலேயே பூட்ஸைத் தட்டிப் பனியை உதறினார்,
குழந்தைகளிடம் தன் தொப்பியைக் கொடுத்துத்
தொட்டுப் பார்க்கச் சொன்னார்.
கிடங்கில், மாவு மூட்டைகளுக்குப் பின்னால், சுவ்த்.
உதட்டில் விரல் வைத்துக் காட்டியிருந்தேன்.
விளையாட்டென்று நினைத்து
அவளும் எனக்கு வைத்துக் காட்டினாள்.

தலைகளை எண்ணினார். நாற்பத்திரண்டு.
கிண்ணங்களை எண்ணினார்.
பேனா நின்றது.
பழக்கத்தில் கை
ஒன்று கூடுதலாக ஊற்றியிருந்தது.
டெல்கெர்மா ஜன்னலில் எதையோ தேடினாள்.

"அது உங்களுக்குத்தான் ஐயா," என்றேன்,
"குளிரில் வந்திருக்கிறீர்கள்."

மூன்று வயது நாற்காலியில்
முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து
குடித்தார். அடிவரை.
ரொட்டித் துண்டால் வழித்தார்.
"உருளைக்கிழங்கு தாராளமாக இருக்கிறதே," என்றார்.

அப்போது கிடங்குக்குள்ளிருந்து
விளையாட்டை மறந்த ஒரு குரல்:
நான்கு, ஐந்து, ஆறு,
எட்டு.

"ஏழு," என்றார் அவர்.
தன்னையறியாமல், மெதுவாக,
வீட்டில் யாருக்கோ சொல்வதுபோல.

பிறகு கிண்ணத்தைப் பார்த்தார்.
அது பளபளவென்று இருந்தது.
யாரும் எதுவும் பேசவில்லை.
அடுப்பில் ஒரு கரித்துண்டு இடிந்து விழுந்தது.
காகிதத்தை முழங்காலில் வைத்துக்
கையெழுத்துப் போட்டார்:
நாற்பத்திரண்டு. கணக்கு சரி.
தொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.
கிடங்குக் கதவை ஒருமுறை
திரும்பிப் பார்த்தார். போய்விட்டார்.

கதவைத் திறந்தேன்.
மூக்கில் மாவுடன் அவள் வெளியே வந்து
மூட்டைகள் எட்டு என்று அறிவித்தாள்.
இருந்தவை ஏழு.
நான் திருத்தவில்லை;
பானையைச் சாய்த்து
அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.